உறை கழற்றிய கை

கொரியாவின் பூசான் நகரில் அந்தப் பழைய வெந்நீர்க் குளியலகத்துக்கு வரும் பெண்கள் தங்கள் முதுகைத் தாங்களே தேய்த்துக்கொள்வதில்லை. பக்கத்தில் இருப்பவள் முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் சரி, "தேச்சு விடுறியா?" என்று திரும்பி உட்கார்ந்துவிடுவார்கள். சொரசொரப்பான பச்சைத் துணியுறையைக் கையில் மாட்டிக்கொண்டு அவள் தேய்ப்பாள். பிறகு இவள் முறை. அதில் வெட்கமும் கிடையாது, நன்றியும் கிடையாது.

மல்சுன்னுக்கோ வாரத்தில் அந்த ஒரு தொடுதல்தான் சோறு. ஐம்பதைத் தாண்டியும் கல்யாணமாகாதவள். "ஒருத்தனும் அமையல, பாவம்" என்று தெருவே சொன்னது, அவளும் திருத்தவில்லை. ஆண்கள்மேல் அவள் மனம் போனதே இல்லை. போனதெல்லாம் விதவை இன்சுக்கின்மேல், வெந்நீரில் சிவந்து ஆவி பறக்கும் அந்த அகன்ற முதுகின்மேல்.

ஆசை வெட்கமறியாது என்பார்கள். போன ஞாயிறு தேய்த்து முடித்ததும் மல்சுன் உறையைக் கழற்றிவிட்டு, வெறும் உள்ளங்கையை இன்சுக்கின் தோளிலிருந்து மெல்ல இறக்கினாள். இடுப்பு வளைவில் கை நின்றது. இன்சுக்கின் மூச்சும் நின்றது. அவள் தட்டிவிடவில்லை, திரும்பவும் இல்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மல்சுன் ஒரு வாரம் வாழ்ந்தாள். பைத்தியக்காரி, புது உள்ளாடைகூட வாங்கினாள்.

இந்த ஞாயிறு போனால், சுவரில் முதுகு தேய்க்கும் இயந்திரம். பொத்தானை அழுத்தினால் பச்சைத் துணி சுற்றிய தட்டு சுழல்கிறது. இன்சுக் அதில் சாய்ந்திருந்தாள்.

"இந்த அக்கா பண்ண நச்சரிப்பு தாங்காமத்தான் வாங்கினேன்!" என்று இன்சுக்கைக் காட்டிச் சிரித்தாள் குளியலகக்காரி.

இன்சுக் எழுந்தாள். "நல்லாத்தான் தேய்க்குது, மல்சுன். போய் உக்காரு. இனி யாருக்கும் தொந்தரவில்ல."

"தொந்தரவுன்னு யாரு சொன்னா, அக்கா?"

"நான்தான் சொல்றேன்."

குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். இன்சுக் அவள் முகத்தைப் பாராமலே துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மல்சுன் கடைசிக் குழாயடியில் உட்கார்ந்து உறையை மாட்டினாள். தோள் வழியாகக் கையை விட்டுப் பார்த்தாள், இடுப்பு வழியாகவும் பார்த்தாள். நடுமுதுகு எட்டவில்லை.

பக்கத்தில் இருந்த பெண் கை நீட்டினாள். "குடுங்கக்கா, நான் தேச்சு விடுறேன்."

"வேண்டாம்மா, தேச்சாச்சு" என்றாள் மல்சுன்.