ஆறு மாதம் விற்காத நாய்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் பக்கிரி செல்லப்பிராணிக் கடை வைத்து இருபத்தோரு வருடமாகிறது. முன்பக்கம் மீன் தொட்டிகள், நடுவில் லவ் பேர்ட்ஸ், பின்சுவரை ஒட்டி நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்குமாக ஆறு கூண்டுகள். வந்த குட்டி பதினைந்து நாளில் போய்விட வேண்டும், அதற்கு மேல் நின்றால் நஷ்டம் என்பார்.

நாலாம் கூண்டுக்கு வந்தது மட்டும் இரண்டு வருடமாகப் போகவில்லை.

பாமரேனியன் என்று சொல்லி வந்த குட்டி அது. வளர வளர மூஞ்சி நீண்டது. வால் பாதிவரை நிமிர்ந்து, அங்கே மனம் மாறிக் கீழே இறங்கியது. உடம்பெல்லாம் வெள்ளை, இடது காது மட்டும் வெல்ல நிறம். பக்கிரி அதைக் கூண்டின் எண்ணைச் சொல்லி 'நாலு' என்றே கூப்பிட்டார். ஆனால் அந்தக் கூண்டின் கதவு சாத்தியிருந்து யாரும் பார்த்ததில்லை. பகலெல்லாம் நாலு பில் போடும் மேசைக்கு அடியில், அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கும். அது எழுந்துவிடும் என்று, சிறுநீர் கழிக்கப் போவதைக்கூட அவர் தள்ளிப்போட்டார்.

யாராவது விலை கேட்டால் சொல்லத்தான் செய்தார். ஒருமுறை நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தவர் ஐயாயிரத்துக்குச் சம்மதித்துவிட்டார்.

"அது போன வருச வெலைங்க. இப்ப எட்டு" என்றார் பக்கிரி.

"சரி, எட்டே வச்சிக்கங்க."

"ராத்திரியில ஜாஸ்தி கொலைக்கும்."

"காவலுக்குத்தானே வாங்குறேன். கொலைக்கட்டும்."

"ஆளு வந்தா கொலைக்காதுங்க. ஆளு இல்லாதப்பதான் கொலைக்கும்."

நெல்லிக்குப்பத்துக்காரர் ஒரு பூனை வாங்கிக்கொண்டு போனார். பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் அன்பரசு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். "அண்ணே, ஒங்களுக்கு விக்கத் தெரியல. அந்த நாயி ஒங்கள எப்பவோ வாங்கிடுச்சி" என்பார். பக்கிரிக்குக் கோபம் வரும். சரக்கின் மேல் பாசம் வைப்பவன் வியாபாரி இல்லை என்று தெருவுக்கே பாடம் எடுப்பவர் அவர்.

தை மாதக் கடைசியில் நோட்டீஸ் வந்தது. நாய், பூனை விற்கும் கடைகள் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஆய்வில் தேறினால்தான் பதிவு, பதிவு இல்லாத கடையில் விற்பனை கூடாது. ஆய்வுக்குக் கால்நடை மருத்துவர் சத்யப்பிரியா வந்தார். முப்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். டேப் வைத்துக் கூண்டுகளை அளந்தார். தடுப்பூசி அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எட்டு வாரம் நிரம்பாத இரண்டு குட்டிகளைத் தாயிடம் திருப்பி அனுப்பச் சொன்னார். பக்கிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு மருத்துவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"இது?"

"கடை சரக்குங்க மேடம்."

"எவ்ளோ நாளா இருக்கு?"

பதில் பக்கத்துக் கடையிலிருந்து வந்தது. "ரெண்டு வருசமா மேடம்! வாங்க வந்தவன எல்லாம் யாரு தொரத்தி வுட்டதுன்னு கேளுங்க!"

சத்யப்பிரியா தாளைப் புரட்டினார். "ஆறு மாசத்துக்கு மேல விக்காத நாய் பூனையக் கடையில வச்சிருக்கக் கூடாது சார். வளக்குறவங்க யாருக்காச்சும் காசு வாங்காம குடுத்துடணும். இல்ல, இது விக்க இல்ல, என் சொந்த நாயின்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. ரெண்டுல ஒண்ணு."

இரண்டாவது வழிக்கான படிவத்தை அவரே எடுத்து மேசைமேல் வைத்தார். கூடவே பேனாவையும். பக்கிரி பேனாவை எடுத்தார். அதற்குள் அன்பரசு கடையை விட்டு இறங்கி வந்திருந்தார். டீ கொண்டுவந்தவர் டம்ளரை நீட்டியபடியே நின்றார். மீன் வாங்க வந்த இரண்டு பேர் மீனைப் பார்க்கவில்லை.

பக்கிரி பேனாவைக் கீழே வைத்தார்.

"யாவாரிக்கு ஏது மேடம் சொந்த நாயி? நல்ல எடமா பாத்துக் குடுத்துடறேன்."

"பத்து நாள் டைம். வாங்குனவங்க கையெழுத்து வேணும்" என்றார் சத்யப்பிரியா. போகும்போது நாலின் வெல்லக் காதை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

அன்று மாலையே பக்கிரி சிதம்பரத்துக்குப் போன் போட்டார். அவர் மனைவி தனத்தின் தம்பி நடனசபாபதி அங்கே வடக்கு வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா மாறுதலா, சாதிச் சான்றிதழா, எந்தப் படிவத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார்.

"மச்சான், பேருக்கு நீ வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போடு. ஒரு பத்து நாள் வச்சிரு. ஆய்வு முடிஞ்சதும் வந்து எடுத்துக்கிறேன்."

"அதுக்கென்ன மாமா. ஆனா பேருக்குன்னாலும் பேப்பர் பக்காவா இருக்கணும்."

பக்கிரி நாலை டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்னால் ஒரு பழக்கூடையில் உட்கார வைத்துச் சிதம்பரம் கொண்டுபோனார். நடனசபாபதி சொன்னபடியே செய்திருந்தார். படிவம், ஆதார் நகல், நாலுடன் அவரும் மனைவி சந்திரலேகாவும் நிற்கும் படம், எல்லாம் ஐந்து பிரதிகள். ஒன்றை மருத்துவருக்கு அவரே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் ஆய்வு முடிந்தது. பதிவு கிடைத்துவிட்டது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார் பக்கிரி. மாட்டிவிட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். பாதம் சும்மா இருந்தது. சற்று நேரம் செருப்பைக் கழற்றினார், மாட்டினார்.

வீட்டில் தனம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடையில ஒரு சரக்கு போனதுக்கா மனுசன் ரெண்டு இட்லியோட எழுந்திரிக்கிறாரு?"

"வயித்துல கேஸு" என்றார் பக்கிரி.

சிதம்பரத்துக்குப் போன் செய்தால் நடனசபாபதி பிடி கொடுக்கவில்லை. ஒருநாள் நாலுக்குச் சளி என்றார். இன்னொரு நாள் வெயில் தாழட்டும் என்றார். மூன்றாம் நாள் போனைச் சந்திரலேகா எடுத்தார். "நாலு தூங்குது அண்ணே, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டார். பக்கிரி வண்டியை எடுத்தார்.

வடக்கு வீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் வீடு. நாலு கீழே கடை வாசலிலேயே இருந்தது. சந்திரலேகா எவர்சில்வர் தட்டில் தயிர்ச்சோறு பிசைந்து வைத்திருந்தார். கழுத்தில் புதுப் பட்டை. பதினைந்து நாளில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

"கூட்டிக்கிட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்றார் பக்கிரி.

"யார?" என்றார் சந்திரலேகா.

"நாலத்தான்."

"எங்க நாயவா?"

பக்கிரி மச்சானைப் பார்த்தார். நடனசபாபதி மிஷினுக்குள் தாள் சிக்கிக்கொண்டதுபோல் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். சந்திரலேகா மேசை இழுப்பறையிலிருந்து படிவத்தின் ஒரு பிரதியை எடுத்துப் படித்தார். "'இந்த விலங்கை விற்கவோ, கடைக்குத் திருப்பித் தரவோ மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.' ஒங்க மச்சானோட நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணே. கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்ததுல நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா?"

"பேருக்குத்தானேம்மா எழுதுனது."

"அது எந்த எடத்துலயும் எழுதலயே."

பக்கிரி வியாபாரத்தில் இறங்கினார். பதிலுக்கு ஒரு லாப்ரடார் குட்டி தருவதாகச் சொன்னார். இரண்டு என்றார். பாரசீகப் பூனை ஒன்றையும் சேர்த்தார். சந்திரலேகா தயிர்ச்சோற்றில் ஒரு மிளகாயைத் தேடி எடுத்து ஓரமாக வைத்தார்.

"எதுக்கு வேணும்னு மட்டும் சொல்லுங்க."

"ஒரு பார்ட்டி கேக்குது."

"அப்ப குடுக்கக் கூடாது."

"கடைக்குக் காவலுக்கு."

"ஆளு வந்தா கொலைக்காதுன்னு நீங்கதான நெல்லிக்குப்பத்துக்காரர்கிட்ட சொன்னீங்களாம்? அண்ணி சொன்னாங்க."

ஜெராக்ஸ் எடுக்க வந்த கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் தங்கள் தாள்களை மறந்துவிட்டார்கள். நடனசபாபதி மிஷினுக்குள்ளிருந்து தலையை எடுத்தார். "மாமா, சட்டப்படி என்னன்னா..." என்று ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, மருத்துவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் சத்யப்பிரியாவின் குரல் தெருவரை கேட்டது.

"கடைக்குன்னா குடுக்கவே கூடாது சார். வீட்ல சொந்தமா வளக்கன்னா குடுக்கலாம். அவர் கைப்பட எழுதி அனுப்பட்டும். குடுக்குறதும் குடுக்காததும் ஒங்க இஷ்டம்." சற்று நிறுத்தி, "யாரு, பக்கிரி சாரா? ஒரு வாரந்தான் தாங்குவாருன்னு நெனச்சேன்" என்றார்.

கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். பக்கிரி படியில் உட்கார்ந்தார். நாலு ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்தது. வால் இரண்டு தடவை ஆடியது. பிறகு சோற்றுக்கே திரும்பிவிட்டது.

அது அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். "எழுதித் தரேன்" என்றார்.

"எழுத்து கவர்மெண்டுக்கு அண்ணே. எனக்கு?" என்றார் சந்திரலேகா. "பதினஞ்சு நாளா பிசைஞ்சி போட்டு வளத்திருக்கேன். ஒங்கள ஒங்க அம்மா எப்படி வாங்குனாங்களோ அப்படி வாங்கிட்டுப் போங்க. படி தவிடு."

நடனசபாபதி வாயைப் பொத்திக்கொண்டார். பக்கிரிக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அவர் அம்மா அவரைப் பிறந்த மூன்றாம் நாள் தர்காவில் ஓதும் ஒரு பக்கிரிசாவின் மடியில் போட்டுவிட்டு, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார். பெயரும் அங்கிருந்து வந்ததுதான். இந்தப் பக்கத்தில் அப்படி வாங்கிய பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். பிள்ளையை வாங்குகிறவர் எல்லார் முன்னாலும் உரிமை சொல்லிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நாய்க்கு இப்படிச் செய்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

பக்கிரி எழுந்து மாட்டுத் தீவனக் கடையைத் தேடிப் போனார்.

"எத்தினி மாடு?" என்றார் கடைக்காரர்.

"மாடு இல்லீங்க. நாயிக்கு. ஒரு படி போதும்."

"நாயி தவிடு திங்காதே."

"திங்க இல்லீங்க, வாங்க."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "படிக் கணக்கெல்லாம் இல்லீங்க. எடுத்தா மூட்டையா எடுங்க."

இருபத்தோரு வருடமாக ஒரு கிலோ மீன் தீனிக்கும் பேரம் பேசியவர் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

அவர் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம் கொஞ்சம் கூடியிருந்தது. மூட்டையை இறக்கிவைத்தார். சட்டையெல்லாம் தவிடு.

"இவ்ளோத்தையும் நான் என்ன அண்ணே பண்றது? எங்ககிட்ட மாடு கெடையாது."

"நீதானம்மா கேட்ட."

"சரி, கேளுங்க. யாரு புள்ள இது?"

பக்கிரி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கடலூர்க்காரர் யாரும் கண்ணில் படவில்லை.

"என்னுது" என்றார்.

"என்னது? சரக்கா?"

"இல்லம்மா."

"சத்தமா சொல்லுங்க அண்ணே, மிஷின் ஓடுது."

"எம் புள்ள!" என்று கத்தினார் பக்கிரி. "எம் புள்ளய எங்கிட்ட குடு!"

மிஷின் ஓடவில்லை. நடனசபாபதி அதை எப்போதோ நிறுத்தியிருந்தார். நாலு தட்டை நக்கி முடித்துவிட்டு, அவசரமில்லாமல் எழுந்து வந்து, அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. பக்கிரி உடனே குனியவில்லை. கண்ணில் தவிடு விழுந்துவிட்டது என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

புதுப் பட்டையைச் சந்திரலேகா கழற்றவில்லை. சோறு பிசைந்த கையைக் கழுவாமலே நின்றார். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கூட்டியாரணும்" என்றார். "மாசத்துக்கு ஒருக்கா" என்றார் பக்கிரி. கடைசியில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்று முடிந்தது. நடனசபாபதி அதையும் எழுதி ஐந்து பிரதிகள் எடுத்தார்.

ஒரு மாதம் கழித்துச் சத்யப்பிரியா மறு ஆய்வுக்கு வந்தார். நாலாம் கூண்டில் மீன் தீனிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாலு எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்குக் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

"வீட்ல தனத்துக்கிட்டதான் மேடம் ஒட்டுது. எங்கிட்ட கோவம். காலையில நான் கெளம்புனா செருப்பத் தூக்கிட்டு ஓடிப்போயி கட்டிலுக்கு அடியில..." என்று தொடங்கிய பக்கிரி போனில் படங்களை எடுத்தார். நாலு உட்கார்ந்திருக்கும் படம், நின்றிருக்கும் படம், உட்காரப் போகும் படம். அன்பரசு தன் கடையிலிருந்து மருத்துவருக்குக் கையால் ஜாடை காட்டினார், ஓடிவிடுங்கள் என்று. சத்யப்பிரியா பையைத் தோளில் மாட்டியபடி நின்றார்.

லாப்ரடார் குட்டி விலை கேட்க வந்த ஒரு குடும்பம் வாசலில் கால் மணி நேரம் காத்திருந்தது. "அண்ணே!" என்று இரண்டு முறை கூப்பிட்டது. "இருங்க, இருங்க, இந்த வீடியோவ மட்டும் பாத்துடுங்க" என்று பக்கிரி போனை அவர்கள் பக்கம் திருப்பினார்.