தப்பு என்று சொன்ன பிறகும்

லாரி மோதிப் பிழைத்து வந்த என் புருஷன் கிறிஸ்துராஜ், தினமும் சாயங்காலம் வேறொருத்தி வீட்டுக்குப் போனார். ஊர் அப்படித்தான் பேசியது. அது நாங்கள் குடியிருந்த பழைய வீடு என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டது.

விபத்துக்குப் பிறகு, என் அண்ணன் பக்கத்தில் இருக்கட்டும் என்று மேட்டுப்பட்டியிலிருந்து நாகல்நகருக்கு மாறினோம். பழைய வீட்டுக்கு அன்னாள் கைக்குழந்தையோடு குடி வந்தாள். அவள் புருஷன் சவுதியில். ஊருக்கு இது போதாதா? இவர் பூட்டுப் பட்டறை விட்டதும் நேராக அங்கே போவார். ஜன்னலுக்குள் கைவிட்டுத் தாழ்ப்பாளை நீக்குவார். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அன்னாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடுவாள்.

"நம்ம வீடு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டால் தெருப் பெயரோடு சொல்வார். கணக்கில் என்னைவிடக் கெட்டி. தையல் பிரித்த டாக்டர், "மனுசன் நல்லாத்தான் இருக்காரு. நீங்கதாம்மா அனுசரிச்சுப் போகணும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் தெரிந்த மனிதன் தினமும் அங்கே போனால் நான் என்னவென்று நினைப்பது?

அன்னாளின் கொழுந்தன் காமராஜ், அவளைப் பிறந்த வீட்டுக்கு விரட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் பெரியவர்கள் விசாரிப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் இவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூளை வேலை செய்யும் விதத்தைச் சோதிக்க மாலதி என்கிற பெண் சனிக்கிழமைகளில் மதுரையிலிருந்து வருவாள்.

மேசையில் நான்கு சீட்டுகளைப் பரப்பினாள். சிவப்பு முக்கோணம், பச்சை நட்சத்திரங்கள், மஞ்சள் சிலுவைகள், நீல வட்டங்கள். இவர் கையில் ஒரு சீட்டுக்கட்டைக் கொடுத்தாள்.

"ஒவ்வொண்ணா எடுத்து, எதோட சேருமோ அதுக்குக் கீழ வைங்க. எப்படிச் சேரும்னு சொல்ல மாட்டேன். சரியா தப்பான்னு மட்டும் சொல்வேன்."

நிறம் பார்த்து வைத்தார். சரி, சரி என்றே வந்தது. சின்னப்பிள்ளை விளையாட்டுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு எரிச்சல். திடீரென்று மாலதி "தப்பு" என்றாள். இனி வடிவம் பார்க்க வேண்டும் என்பது ஓரத்தில் இருந்த எனக்கே கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. அவர் நிறத்தையே வைத்தார். தப்பு. மறுபடியும் நிறம். தப்பு. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"இப்ப கலர் இல்ல. தெரியுதுங்க" என்றார். சொல்லிக்கொண்டே சிவப்பைச் சிவப்புக்குக் கீழே வைத்தார்.

இந்த மனிதர் என்னை ஏமாற்றவில்லை. தப்பென்று தெரிந்தும் அவரால் மாற முடியவில்லை.

"மூளையோட முன்பக்கம் அடிபட்டிருக்குக்கா. பழகின வழிய விட்டு மாறுறதுக்கு அதுதான் வேணும். ஞாபகம், கணக்கெல்லாம் சரியா இருக்கதால யாருக்கும் தெரியல. வேணும்னு செய்யல அவரு" என்றாள் மாலதி.

மறுநாள் விசாரணையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பாவம் கிறிஸ்துராஜ் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது.

காமராஜ் எழுந்தான். "அவருக்கு மூளைக் கோளாறு, சரி. இவளுக்கு என்ன கோளாறு? எதுக்கு உள்ள விட்டா?"

"அவ எங்க விட்டா? அவராத்தான் தாழ்ப்பாள எடுத்துட்டுப் போனாரு."

"விடாம எப்படி ஒருத்தன் தினமும் போவான்?"

இப்போதுதானே சொன்னேன். திரும்பவும் சொன்னேன். அவன் திரும்பவும் அதையே கேட்டான். பெரியவர்கள் அன்னாளை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"ஏலே, எம் புருசன் மேலயாவது லாரி மோதுச்சு. ஒம்மேல என்னடா மோதுச்சு?" என்றேன். பொம்பளை வாயை அடக்கு என்றார் ஒரு பெரியவர்.

அன்று சாயங்காலமே அன்னாளைப் பிள்ளையோடும் பெட்டியோடும், அவள் பிறந்த வீடு இருக்கும் குஜிலியம்பாறைக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பூசையில் என் புருஷனுக்காக ஜெபித்தார்கள். அவள் பெயரை யாரும் சொல்லவில்லை.