எண்ணாத நாடி

லாரி ஓட்டிய முப்பது வருஷத்தில் டிரைவர் நம்பியது பிரேக்கை மட்டும்தான். அதையும் தினம் காலையில் மிதித்துப் பார்த்த பிறகு. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர், ரத்தம் எடுக்க வந்த மூன்று பேரையும் விரட்டியிருந்தார். "நேத்து எடுத்தது எங்க போச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

காலை ஏழரைக்குப் பயிற்சி டாக்டர் பெண் வந்தாள். முந்தின நாள் காலையிலிருந்து வேலை.

"ரத்தம் வேணாங்கய்யா. நாடி மட்டும் பாத்துக்கறேன்."

"சாப்பிட்டியா?"

"நேத்தா, இன்னைக்கா?" என்றாள். "இன்னையோட இந்த வார்டு முடியுது. பெரிய டாக்டர் குத்தம் சொல்லாம கையெழுத்துப் போட்டா, வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தூங்குவேன். இல்லன்னா இன்னும் பதினஞ்சு நாள் இங்கதான்."

ஸ்டூலில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். உதடு எண்ணியது. இருபதுக்கு மேல் நின்றுபோனது. கண் திறந்தேதான் இருந்தது, ஆள் இல்லை. அந்தத் தூக்கம் டிரைவருக்குத் தெரியாததா? அதுதான் வண்டியைப் பாலத்துச் சுவரில் ஏற்றி அவர் காலை முறித்தது. நாய் குறுக்கே வந்தது என்று போலீஸில் சொல்லியிருந்தார். கேஸ் ஷீட்டிலும் அதே நாய்தான்.

மெல்ல அவள் தலை கட்டில் ஓரத்தில் சாய்ந்தது. கையை உருவினால் விழித்துக்கொள்வாள். கை மரத்துப்போயும் அவர் அசையவில்லை.

வாசலில் ஷூ சத்தம் கேட்டதும் அவள் விரலைத் தட்டினார். தூக்கிவாரிப் போட எழுந்து நின்றாள்.

"நாடி எவ்வளவு?" பெரிய டாக்டர் கேட்டார்.

டிரைவர் முந்திக்கொண்டார். "எழுபத்திரெண்டு சார். பொண்ணு நல்லா எண்ணுச்சு." நேற்று யாரோ சொன்ன கணக்கு அது.

பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"இல்ல சார்," என்றாள் அவள். "நான் எண்ணல. தூங்கிட்டேன்."

"பதினஞ்சு நாள்." குரல்கூட உயரவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"கெடுத்தியே காரியத்த," என்றார் டிரைவர். "வாய மூடிட்டு நின்னிருந்தா வீட்டுக்குப் போயிருக்கலாம்."

"உங்க நாடி என்னன்னு எனக்குத் தெரியாதேய்யா."

டிரைவர் முறிந்த காலைத் தொட்டுக் காட்டினார்.

"நாய் கீய் எதுவும் வரல," என்றார். "நானும் தூங்கித்தான் போனேன்."

பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். "ரத்தம் எடுத்துக்க. இப்ப இல்ல. போய்ப் படுத்து எந்திரிச்சு வந்து எடு."

அவள் போகவில்லை. மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "ஒண்ணு, ரெண்டு..." இந்தத் தடவை வாய்விட்டு எண்ணினாள். டிரைவரும் கூடவே எண்ணினார், பாதியில் அவள் குரல் நின்றால் தெரிய வேண்டுமே என்று.