நண்டு விலகிய விதானம்

ஹாத்தோர் கோயில் விதானச் சிற்பத்தில் நீர்யானைத் தேவியின் கைக்கயிற்றைச் செதுக்காமல் விட்டுவிட்டதால், வெள்ளம் வடிந்த அந்த மாதம் ஊரில் கட்டிய எதுவும் கட்டியபடி நிற்கவில்லை. படகுகள் முளையை விட்டு ஆற்றோடு போயின. ஆடுகள் கழுத்துக் கயிற்றை உதறிவிட்டு வெங்காயப் பாத்திகளில் இறங்கின. ஊர்வலத்தின் நடுவே பூசாரிகளின் இடுப்புத்துணி அவிழ்ந்தது; ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தூபம் காட்ட அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

வடவானில் காளைத் தொடை ஒன்று விண்மீன் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது கீழுலகில் இறங்கிவிடாதபடி நீர்யானைத் தேவி கயிறு கட்டிப் பிடித்திருக்கிறாள். காலங்காலமாக அப்படித்தான் செதுக்குவார்கள். இந்த முறை கிரேக்கர்கள் பழக்கிவிட்ட பன்னிரண்டு ராசிகளையும் அதே விதானத்தில் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது.

“புதுசா வந்தவங்களுக்கும் இடம் வேணுமில்ல? கயிறு போற வழியில நண்டு உக்காந்துடுச்சு. ஒரு கயிறுதானே,” என்றான் சிற்பி பெத்தேசிஸ், மனைவி தமூதிஸிடம்.

தமூதிஸின் வயிற்றில் கட்டியிருந்ததும் ஒரு நூல்தான். முன்பு இரண்டு பிள்ளைகள் மாதம் நிறையாமல் நழுவிப்போயிருந்தன. இதுவாவது தங்கட்டும் என்று ஊர் வழக்கப்படி ஏழு முடிச்சிட்ட சிவப்பு நூல். காலையில் போட்ட முடிச்சு ரொட்டி வேகுமுன் அவிழ்ந்தது. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நிற்க முடியவில்லை. மாவு பிசையும்போதும் ஒரு கை நூலிலேயே கிடந்தது. ஆனால் அவளைக் கலங்கடித்தது வேறொன்று. முடிச்சு அவிழும்போதெல்லாம் பயத்துக்கு அடியில் அவளுக்கு மூச்சு தாராளமாக வந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

“உன் வீட்டுக்காரன் வானத்தையே அவுத்துவிட்டான், என் ஆடும் போச்சு. வயித்தையாவது கெட்டியா புடிச்சுக்கடி,” என்றாள் பக்கத்து வீட்டுச் செனூபிஸ்.

கயிற்றைச் செதுக்கித் தரச் சொல்லி தமூதிஸ் கோயிலுக்குப் போனபோது, தலைமைப் பூசாரி இடுப்புத்துணியைப் பற்றியபடியே கேட்டார். “விதானத்துக்கு வாய் திறக்குற சடங்கு முடிஞ்சாச்சும்மா. இப்ப அதுக்கு உசுரு இருக்கு. நண்டு வயித்துல உளி வைக்கச் சொல்றியா?”

பெத்தேசிஸ் உண்டு தூங்கிய மதியத்தில் அவள் செங்காவிக் கிண்ணத்தோடு சாரத்தில் ஏறினாள். தேவியின் கையிலிருந்து கோடு இழுத்துவந்தவள் நண்டின் அருகே நின்றுவிட்டாள். அதுவும் யாரோ சொல்லி அங்கே உட்கார்ந்த உயிர்தான்.

“கொஞ்சம் தள்ளிக்கயேன். உனக்கும் அங்க நெருக்கமாத்தானே இருக்கு?”

நண்டு கல்லைச் சுரண்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. ராசி வரிசையை விட்டு வெளியேறி, சிங்கத்தின் தலைக்கு மேல் போய் நின்றது. தமூதிஸ் கோட்டைக் காளைத் தொடைவரை கொண்டுபோய் முடித்தாள்.

மாலைக்குள் படகுகள் கட்டிய இடத்தில் நின்றன. பூசாரிகளுக்கு இரண்டு கைகளும் திரும்பக் கிடைத்தன. தலைமைப் பூசாரி அண்ணாந்து பார்த்தார், புது இடத்தில் இருந்த நண்டுக்கும் தூபம் காட்டினார், இறங்கிப் போனார். மாதம் நிறைந்து பெண் பிறந்தது. தமூதிஸ் சிவப்பு நூலைத் தன் கையாலேயே அவிழ்த்தாள்.

அந்தப் பெண் பக்கவாட்டில்தான் நடை பழகினாள். தமூதிஸ் ஒருநாளும் அவளைத் திருத்தவில்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். செனூபிஸ் மட்டும் தண்ணீருக்குப் போகும்போது, “எங்கடி கெளம்பிட்ட, சிங்கத்துத் தலைக்கா?” என்று கேட்பாள். குழந்தை ஆமென்று தலையாட்டிவிட்டுத் தன் வழியே போகும்.