மாதிரியை மீண்டும் அனுப்பவும்

பரிசோதனைக் கூடத்தில் அவனைச் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளின் ரத்தத்தையும் சளியையும் சீழையும் தட்டில் வளர்த்து, என்ன கிருமி என்று பார்த்துச் சொல்வது பதினான்கு வருடமாக அவன் வேலை. மற்றவர்கள் ஒருமுறை பார்க்கும் தட்டை அவன் மூன்று முறை பார்ப்பான்.

அவனுடைய மாமனார் ஒரு கால்பந்து மைதானத்தைப் பராமரிப்பவர். அவருக்கு உலகத்தில் முக்கியமானவை இரண்டு: புல், மகள். வரிசையும் அதுதான். இருபது வருடமாகச் சர்க்கரை வியாதி. ஆனாலும் மழைக்காலம் முழுக்க வெறுங்காலோடு சேற்றில் நிற்பார். புல்லின்மேல் பூட்ஸ் படக் கூடாதாம். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், “கிருமி வளக்கிறாரு” என்பார், ஏதோ கோழி வளர்ப்பதைப் போல.

அந்த வருடம் மழை முடிவதற்குள் மாமனார் பத்து கிலோ இளைத்துவிட்டார். காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. இருந்தாலும் காசநோயாகத்தான் இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒரு வேளை தவறாமல் விழுங்கினார். பட்டை பட்டையாக மாத்திரைகள் தீர்ந்தன, காய்ச்சல் தீரவில்லை. ஒரு நாள் காலையில் மூச்சுத் திணறி, அவன் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே வந்து படுத்தார்.

மாமனாரின் ரத்தம் அவன் மேசைக்கு வந்தது. இரண்டு நாளில் தட்டில் ஏதோ முளைத்தது. நான்காம் நாள் அது, பிழிந்துவிட்டு உதற மறந்த துணியைப் போலச் சுருங்கிக் கிடந்தது. கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்கத் தட்டில் வைத்த ஜென்டாமைசின் மருந்து வில்லையைச் சுற்றி ஒரு மயிரளவுகூட விலகவில்லை. கூடத்தின் தலைவரிடம் காட்டினான்.

“மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிற கிருமிப்பா. ஊசி போடும்போது தோலைச் சரியாத் துடைச்சிருக்க மாட்டாங்க. வழக்கம்போல எழுதிடு.”

வழக்கம் இதுதான்: ‘வெளிக்கிருமி கலந்துள்ளது. மாதிரியை மீண்டும் அனுப்பவும்.’

“சார், ரெண்டு பாட்டில். ரெண்டு கையிலயும் தனித்தனியா எடுத்தது. ரெண்டுலயும் இதேதான்.”

“அப்ப ரெண்டு கையையும் துடைக்கலை.”

அவன் தட்டை நன்றாக ஒட்டி மூடி, ஒரு டப்பாவில் வைத்துக் கீழ்த்தளத்துக்கு எடுத்துப் போனான். அங்கே ஒரு பெண் மருத்துவர், மண்ணில் வாழும் ஒரே ஒரு கிருமியை மூன்று வருடமாகத் தேடி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அறை முழுக்க மண் பைகள். எல்லோருக்கும் அவர் ‘மண் டாக்டர்’. துப்புரவுப் பணியாளர்கள் அந்த அறையைப் பெருக்குவதில்லை. எதைப் பெருக்குவது, எதை விடுவது என்று தெரியவில்லையாம்.

“மோந்து பாத்தீங்களா?” என்று கேட்டார் மண் டாக்டர்.

“இல்லைங்க மேடம்.”

“நல்லது. அது நுரையீரலுக்குள்ள போயிடும்.”

மறுநாள் மதியம் அவரே படியேறி வந்தார். “மெலியாய்டோசிஸ் நோய். சந்தேகமே இல்லை. அந்தக் கிருமியை மூணு வருஷமா மண்ணுல தேடிட்டிருக்கேன், நீங்க மனுஷன்கிட்டயிருந்து கொண்டு வந்திருக்கீங்க! யார் இவரு?”

“என் மாமனாருங்க.”

முகத்தில் வந்துவிட்ட சந்தோஷத்தை உள்ளே அனுப்ப அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. “மன்னிச்சுக்குங்க,” என்றார்.

அன்றைக்கே காசநோய் மாத்திரையை நிறுத்தி மருந்தை மாற்றினார்கள். நரம்பு வழியாக, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆனால் ஒரு வாரமாகியும் காய்ச்சல் இம்மியும் இறங்கவில்லை. இந்த நோயில் அப்படித்தான், பொறுக்க வேண்டும் என்றார் மண் டாக்டர். அவன் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

“உங்க சந்தேகத்துக்கு எங்கப்பாதான் கிடைச்சாரா? அந்த மாத்திரையை ஏங்க நிறுத்தச் சொன்னீங்க?”

அவன் மாடிப்படிக்கு அடியில் போய் நின்று அழுதான். பிறகு கை கழுவினான், இரண்டு முறை.

பத்தாம் நாள் காய்ச்சல் விட்டது. மாமனார் எழுந்து உட்கார்ந்து, மைதானத்தைப் பற்றிக் கேட்டார். இதற்கிடையில் மண் டாக்டர் அங்கே போய், முழங்கை ஆழத்துக்கு நூறு குழி தோண்டி மண் எடுத்திருந்தார். இதை அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“நூறா? பெனால்டி அடிக்கிற இடத்துலயுமா?”

“அங்கதான் மாமா கிருமி அதிகம்.”

மாமனார் கூரையைப் பார்த்தார். “இருக்கும். அங்க கொஞ்சம் தண்ணி கூடுதலா விடுவேன்.”

மூன்று வாரம் கழித்து, ஐந்து மாத மாத்திரையோடு வீட்டுக்குப் போனார். மகள் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாள். போட்டுக்கொண்டார், புல்லிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டாராம்.

அதற்குள் மண் டாக்டர் அவனிடம் அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தார். “இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வந்திருக்கா?”

வந்திருக்கிறது. ‘வெளிக்கிருமி’ என்று எழுதி அனுப்பியவற்றில், தூக்கிப் போட மனம் வராமல் பதினொன்றை உறையவைத்திருந்தான். சோதித்ததில் ஒன்பது அதே கிருமி. பட்டியலைத் தலைவரின் மேசையில் வைத்தார்கள். ஒன்பது ரிப்போர்ட்டிலும் அவர் கையெழுத்து இருந்தது.

“ஒம்பதா?” என்றார். பிறகு தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு எண்ணாக அவரே அழைத்தார். முதல் நான்கு வீடுகளிலும் ஆள் இறந்து போயிருந்தார். ஐந்தாவது எண்ணுக்கு முன் கண்ணாடியைக் கழற்றினார். “நீ பேசுப்பா,” என்று அவனிடம் கொடுத்தார்.

அவன் பேசினான். இன்னும் இரண்டு பேர் உயிரோடு இல்லை. இரண்டு எண்கள் வேலை செய்யவில்லை. கடைசி எண்ணில் ஒருவர் எடுத்தார், சுவருக்கு வண்ணம் அடிப்பவர்.

“ஆஸ்பத்திரியிலருந்து பேசுறேங்க. போன வருஷம் உங்க கழுத்துக் கட்டியிலருந்து சீழ் எடுத்தோம்.”

“ஆமா. அது மூணு தடவை திரும்ப வந்துருச்சு. காய்ச்சலும் விடலை.”

“என்ன நோய்னு இப்பத்தான் தெரிஞ்சுது. தப்பு எங்க பேர்ல. மருந்து இருக்கு.”



“நோயா? நிஜமாவா?” என்றார் அவர். “கொஞ்சம் இருங்க, எங்க வீட்ல குடுக்கிறேன், நீங்களே சொல்லுங்க. ஒரு வருஷமா சோம்பேறின்னு திட்டிட்டிருக்காங்க.”

அவரை அழைத்துவர வண்டி அனுப்பச் சொல்லத் தலைவர் எழுந்து போனார். அவன் தொலைபேசியைக் காதோடு அழுத்தியபடி, அந்த அம்மாள் வருவதற்காகக் காத்திருந்தான்.