கோளாறு இல்லாத வண்டி

கொரியாவின் குன்சான் துறைமுகச் சாலையில் என் நூடுல்ஸ் கடைக்கு நேர் எதிரே போங் சுன்ஹீயின் ஒர்க்‌ஷாப். மாவை வெட்டிக்கொண்டே அங்கே நடப்பதையெல்லாம் பார்த்துவிடலாம். வேவு பார்க்கிறேன் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால் நான் என்ன செய்ய?

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தாக் ஜேக்யு முதலில் வந்தது இலையுதிர் காலத்தில். நாற்பதைத் தாண்டிய ஒற்றை ஆள். ஊரிலுள்ள மெக்கானிக்குகள் அவருக்கு நன்றாக மொட்டையடித்திருந்தார்கள். அதனால் நாணயமான ஆளைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் வைத்திருந்தார். தன் கையாலேயே ஹெட்லைட் ஒயரை உருவிவிட்டு, லைட் எரியவில்லை என்று கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கடையில் லைட்டையே மாற்ற வேண்டும் என்றார்களாம். இன்னொன்றில் பேட்டரி செத்துவிட்டது என்று துக்கம் விசாரித்தார்களாம்.

சுன்ஹீ பானெட்டைத் திறந்தாள், இரண்டு விரலால் ஒயரைச் சொருகினாள், மூடினாள்.

"யாரோ உருவியிருக்காங்க. வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?"

"இல்லீங்க, நான் தனி ஆள்."

"அப்ப நீங்கதான். போய்ட்டு வாங்க, காசெல்லாம் வேண்டாம்."

மனிதர் நேரே என் கடைக்கு வந்து இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டார். நடுநடுவே தொட்டுக்கொள்ள வைத்த கிம்ச்சி ஊறுகாயைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, இப்படி ஒரு மெக்கானிக் நம்ம ஊர்ல எத்தனை நாளா இருக்காங்க?"

"நல்ல மெக்கானிக் கிடைச்ச சந்தோஷமா இது? எனக்கென்னவோ அப்படித் தெரியல."

அவர் காது வரை சிவந்துபோனார்.

அதற்குப் பிறகுதான் பாவம், அவருக்குச் சோதனை ஆரம்பித்தது. அவளைப் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு கோளாறு வேண்டும். வண்டியோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. சக்கரத்தில் காற்றுப் பார்க்கச் சொல்லி வந்தார். "சரியா இருக்கு, போங்க" என்றாள். ஏதோ சத்தம் கேட்கிறது என்று வந்தார். அவரையே பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "சத்தம் ஒண்ணும் இல்ல, போங்க" என்றாள். அந்த ஒரு சுற்றை நினைத்து அவர் ஒரு வாரம் மிதந்தார். வேறு கடையாக இருந்தால் அரை நாள் உட்காரவைத்துக் காபி கொடுத்திருப்பார்கள். இவளுடைய நேர்மையில் ஒரு காதல்கூட வளர இடமில்லை. எனக்கே எரிச்சலாக வந்தது.

"கொஞ்சம் இழுத்துத்தான் பாரேன்டி. அந்த ஆளு எதுக்கு வர்றாருன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும் அக்கா. அதுக்காக இல்லாத கோளாறை இருக்குன்னு சொல்ல முடியுமா?"

அப்புறம் அந்த மடத்தனம் நடந்தது. என்ன செய்வதென்று புரியாமல், மனிதர் முன்சக்கரத்தின் நட்டுகளைத் தானே தளர்த்திவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டி ஆடியபடி வருவதை நானே பார்த்தேன். சுன்ஹீ குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இது கழண்டு ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?"

"மெதுவாத்தான் வந்தேன்..."

"என்னை நம்பி வண்டியக் கொண்டு வர்றீங்க. உங்கள நான் எப்படி சார் நம்புறது? இனிமே நிஜமாவே ஏதாவது கெட்டுப்போனா மட்டும் வாங்க. இல்லன்னா வர வேண்டாம்."

விறுவிறுவென்று என் கடைக்குள் வந்தாள், சுவரில் தொங்கிய பொல்லாக் மீன் கருவாடு ஒன்றைப் பிடுங்கினாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அதில் சூப் வைத்துக் குடித்தால் தலைபாரம் இறங்கும். கோபம் தலைக்கேறிவிட்டது, குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று அந்த வண்டியின் நட்டு, பெல்ட், பிரேக் எல்லாவற்றையும் இருட்டும்வரை பார்த்துச் சரிசெய்துதான் அனுப்பினாள்.

அவர் வரவில்லை. சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டுவிட்டார். வண்டி ஏதாவது கெட்டுத் தொலையட்டும் என்று கும்பிட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். சுன்ஹீ சாலையைப் பார்த்துக்கொண்டே ஸ்பானர் துடைத்தாள். துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தாள்.

குளிர் இறங்கிய முதல் வாரம், அதே வண்டி வந்து நின்றது. மனிதர் குதித்து இறங்கினார். முகமெல்லாம் பல்.

"முதலாளியம்மா, நிஜமாவே கோளாறு. சத்தியமா நான் எதையும் தொடல. ஹீட்டர் போட்டா நாறுது. கடைக்கு வர்றவங்க என் கோட்டை மோந்து பாத்துட்டு ஓடுறாங்க."

கையில் மாவோடு நானும் ஓடிப் போனேன். சுன்ஹீ பானெட்டைத் திறந்தாள். எதையும் தேடவில்லை. ஹீட்டருக்குக் காற்றுப் போகும் மூலைக்குள் நேராகக் கையை விட்டு எடுத்தாள். வெள்ளை நூல் சுற்றிய கருவாடு. என் கருவாடு.

புது வண்டிக்கு அப்படி வைப்பது எங்களுக்குப் பழக்கம்தான், விபத்து அண்டாது. ஆனால் இது பழைய வண்டி.

"என் கூடப் பிறந்த அக்கா வேலையா இருக்கும்" என்றார் அவர்.

"நான்தான் வெச்சேன். அன்னிக்கு. உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

"வெளியவே தெரியாத மூலையிலயா?" என்றார் அவர்.

அவள் கருவாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஹீட்டர் போட்டா நாறும்னு தெரியும். நிஜமா கெட்டாத்தான் வரணும்னு கோவத்துல சொல்லிட்டேன். ஆனா வண்டியப் பாத்துவிட்டது நான். இனி பத்து வருஷத்துக்கு அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

நான் மாவுக் கையை நீட்டி, "என் கருவாட்டைக் குடுடி" என்றேன்.

"குடுக்காதீங்க" என்றார் அவர். "இருந்த இடத்துலயே வெச்சிருங்க."

"நாறுமே."

"கண்ணாடியை இறக்கி விட்டுக்கலாம். வர்றீங்களா, கடற்கரை வரைக்கும்?"

சுன்ஹீ கருவாட்டை உள்ளே வைத்து பானெட்டை மூடினாள், கடைக்கதவை இழுத்துவிட்டாள். எலும்பு நடுங்கும் குளிரில் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, மூக்கு சிவக்கச் சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் என் ஜன்னலைக் கடந்து போனார்கள்.