ஹால்வர்சனுக்குத் தொண்ணூற்றொன்று

1904 நவம்பர் 24, வியாழக்கிழமை. கான்சாஸ் மாநிலம், மெர்டன் கல்லூரி மைதானம். அந்தப் பருவத்தில் அதுவரை ஆடிய ஏழு கால்பந்தாட்டங்களிலும் எங்கள் அணி தோற்றிருந்தது.

எட்டாவது, கடைசி ஆட்டம் ஓக்டேல் கல்லூரியுடன். அதிலும் தோற்றால் அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தில் உருளைக்கிழங்கு போடப்போவதாக அறங்காவலர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கேப்டன் லீலண்ட் ப்ரூயிட்டுக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபரிலேயே அவன் ஊர்க் கொல்லர் கஸ் ஹால்வர்சனைக் கல்லூரியில் சேர்த்திருந்தான். ஹால்வர்சனுக்கு வயது முப்பத்து நான்கு. அவர் லாடம் அடிக்கக் காலைப் பிடித்தால் குதிரை அசையாது. ஆனால் மாணவனாக இருந்து, தேர்வில் அறுபது மதிப்பெண் வாங்கினால்தான் ஆட முடியும் என்பது விதி. எனவே, அணி முழுவதும் படித்துக்கொண்டிருந்த தாவரவியல் வகுப்பிலேயே அவரையும் உட்காரவைத்தான்.

"சும்மா போய் உட்காருங்க அண்ணே. தூங்கினாலும் பரவாயில்ல."

"தூங்குறதா? இலை மூச்சு விடுதுன்னு வாத்தியார் சொல்றாருப்பா! எப்படித் தூக்கம் வரும்?"

அவர் முதல் வரிசைக்குப் போனார். நாங்கள் கடைசி வரிசையில் தூங்கினோம்.

அறுபது மதிப்பெண் விதி எல்லோருக்கும் பொதுதான். ஆனால் எந்தக் கேப்டனும் எதிரணியின் மதிப்பெண் பட்டியலைக் கேட்கமாட்டான். கேட்டால் தன் பட்டியலையும் காட்டவேண்டி வரும்.

வியாழனன்று ஹால்வர்சன் மைதானத்தில் இறங்கியதும் ஓக்டேல் கேப்டன் சிரித்தான்.

"யாருடா இது, உங்க அப்பாவா?"

"எங்க காலேஜ் மாணவர்டா."

"இவரா? தன் பேரையாவது எழுதத் தெரியுமா?"

ப்ரூயிட்டுக்குச் சுருக்கென்றது. பார்வையாளர் வரிசையில் இருந்த தாவரவியல் பேராசிரியர் டட்டிலைப் பார்த்துக் கத்தினான். "சார்! பட்டியலை எடுத்துட்டு வாங்க. இவன் காதுல விழுற மாதிரி படிங்க!"

டட்டில் பொய் சொல்லாதவர். பாதியில் நிறுத்தவும் தெரியாதவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஹால்வர்சன், தொண்ணூற்றொன்று."

எங்கள் பக்கம் ஆரவாரம்.

"போதும் சார்," என்றான் ப்ரூயிட்.

"இருப்பா, இன்னும் இருக்கு. ப்ரூயிட், முப்பத்தெட்டு."

ஓக்டேல் கேப்டன் புல்லில் உட்கார்ந்தேவிட்டான். "படிங்க சார், படிங்க. நல்லாயிருக்கு."

பதினான்கு பேரில் ஒன்பது பேர் தேறவில்லை. எனக்கு நாற்பத்தொன்று.

"அவங்க பட்டியலையும் கேளுங்க சார்!" என்று ப்ரூயிட் நடுவரிடம் கதறினான்.

"எங்க பட்டியல் ஊர்ல இருக்கு," என்றான் ஓக்டேல் கேப்டன். ஓக்டேல் அறுபது மைல்.

"மிச்சம் அஞ்சு பேர் இருக்கோம். ஆடிடலாமா?" என்று ஹால்வர்சன் சட்டைக் கையை மடித்தார். பதினொருவர் வேண்டும் என்றார் நடுவர்.

பந்தை ஒருவரும் தொடாமலே ஆட்டம் ஓக்டேலுக்குப் போனது. மார்ச் மாதம் மைதானத்தில் உருளைக்கிழங்கு நட்டார்கள். நடவை ஹால்வர்சன் மேற்பார்வையிட்டார்.